தேய்ந்த பாற்பல்: விட்டுவிடலாமா, அடைக்கலாமா, கேப் போடலாமா?

குழந்தைக்குப் பல் தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பினால் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "விழப்போற பல்லுக்கு எதுக்குச் செலவு?" என்பது ஒரு கட்சி. அதற்குப் பெரும்பாலும் பாட்டிதான் தலைவர். "இப்பவே ஏதாவது செஞ்சிடணும், அடுத்து வர்ற பல்லும் இப்படியே வந்துட்டா?" என்பது அம்மா கட்சி. இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பது தேய்ந்திருப்பது எந்தப் பல் என்பதைப் பொறுத்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பல் தேய்ந்திருந்தால், வலியோ கூச்சமோ இல்லாதவரை, பெரும்பாலும் கவனித்துக்கொண்டு காத்திருப்பதே போதும். கடைவாய்ப் பல் எனாமலை, அதாவது பல்லின் கடினமான வெளி அடுக்கை, தாண்டித் தேய்ந்திருந்து, குழந்தைக்கு நாலைந்து வயதுதான் ஆகிறது என்றால், ஸ்டீல் கேப், அதாவது பல்லை முழுதாக மூடும் உலோக மூடி, போடுவதுதான் கொடுத்த காசுக்கு அதிக நாள் வேலை செய்யும். இதில் எதைச் செய்தாலும், பல்லைத் தேய்த்த காரணம் இன்னும் நடந்துகொண்டே இருந்தால் பாதிப் பணம் வீண்.

பாற்பல் மொத்தம் 20. ஆறு மாதம் வாக்கில் கீழ் முன்பல்லில் ஆரம்பித்து, இரண்டரை மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். விழுவதில்தான் பெரிய இடைவெளி. முன்பற்கள் ஆறு வயதில் ஆட ஆரம்பித்து எட்டுக்குள் போய்விடும். முதல் கடைவாய்ப் பல் 9 முதல் 11 வயதில்தான் விழும். அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது கடைவாய்ப் பல்லோ 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியது. ஆக, நாலு வயதுக் குழந்தையின் தேய்ந்த முன்பல்லுக்கு இன்னும் இரண்டு மூன்று வருட வேலைதான் பாக்கி. அதே வாயில் கடைசியில் இருக்கும் பல்லுக்கு ஆறேழு வருடம் பாக்கி. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் முறுக்கு கடிப்பதும் சப்பாத்தி மெல்வதும் அதை வைத்துத்தான். கீழே வரப்போகும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு அதே பல் அதே அளவு தேய்ந்திருந்தால் பாட்டி கட்சி ஜெயித்துவிடும்.

இன்னொரு விஷயம், பாற்பல்லின் எனாமல் மெல்லியது. நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான், நல்ல கனமான இடத்திலேயே ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. அதற்கு அடியில் டென்டின் மஞ்சளாக, மிருதுவாக இருக்கும். அதற்கும் உள்ளே நரம்பு இருக்கும் அறை, பல்லின் அளவோடு பார்த்தால், பெரியவர்கள் பல்லில் இருப்பதைவிடப் பெரியது. எனாமல் போன பிறகு தேய்மானம் வேகம் பிடிக்கும். அதனால்தான் "எனாமலில் நிற்கிறதா, டென்டினுக்குப் போய்விட்டதா" என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். முடிவு பெரும்பாலும் அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

முதலில், தேய்மானம்தானா?

சொத்தையைத் தேய்மானம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இரவு பல் தேய்த்துவிட்ட பிறகு குழந்தையை மடியில் சாய்த்து, தலை உங்கள் பக்கம் வரும்படி படுக்க வைத்து, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். தேய்ந்த இடம் வழவழப்பாகப் பளபளக்கும். சொத்தை பளபளக்காது. சொரசொரப்பாக, பழுப்பாக, ஈறு ஓரத்திலோ இரண்டு பல்லுக்கு நடுவிலோ பள்ளத்திலோ இருக்கும். அது ஆரம்பிக்கும்போது ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு கோடு தெரியும். பால் பாட்டிலோடு தூங்கும் குழந்தைகளின் மேல் முன்பல்லில் இதை அடிக்கடி பார்க்கலாம். இந்தக் கட்டுரை சொத்தைக்கு இல்லை. சொத்தையைத் தடுத்து நிறுத்தப் பூசும் வெள்ளி மருந்து ஒன்று உண்டு, சில்வர் டையமைன் ஃப்ளோரைடு. பூசிய சொத்தை கன்னங்கரேலென்று ஆகிவிடும். சொத்தைக்கு நல்ல மருந்து, வெறும் தேய்மானத்துக்கு அதை வாங்கி வர வேண்டியதில்லை.

சரி, தேய்மானம்தான் என்றால் எந்த வகை? நறநறவென்று பல்லைக் கடிப்பதால் வரும் தேய்மானம் தட்டையாக இருக்கும். மேல்பல்லின் தட்டையும் கீழ்ப்பல்லின் தட்டையும் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்தும். குழந்தையை மெதுவாகத் தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னால் இரண்டும் உரசுகிற இடம் தெரிந்துவிடும். புளிப்பால் வரும் அரிப்பு வேறு மாதிரி இருக்கும். கடைவாய்ப் பல்லின் மேட்டு முனைகளில் சின்னச் சின்னக் குழிகள் விழும், குழிக்குள் மஞ்சள் தெரியும், எதிர்ப் பல் அந்தக் குழிக்குள் போய்த் தொடவே முடியாது. ஏற்கெனவே அடைத்த பல்லாக இருந்தால் இன்னும் தெளிவு: சுற்றியுள்ள பல் கரைந்து, அடைத்த காம்போசிட் (பல் நிறத்தில் இருக்கும் அடைப்புப் பொருள்) மட்டும் தீவு மாதிரி மேலே நிற்கும். மேல் முன்பல்லின் பின்பக்கம், அண்ணத்தைப் பார்த்த பக்கம் மட்டும் வழுவழுவென்று கரைந்திருந்தால், வயிற்றிலிருந்து புளித்த நீர் மேலே வருகிறதா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்க வேண்டும். மூன்றாவது வகை, தேய்த்துத் தேய்த்தே வருவது. பேஸ்ட்டை விட்டுவிட்டு உப்பு, கரி, சொரசொரப்பான பல்பொடி என்று குழந்தைக்கும் பழக்கும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். நிஜத்தில் இவை தனித்தனியாக வருவது குறைவு. புளிப்பில் மிருதுவான எனாமலைக் கடிப்பு சீக்கிரம் தேய்த்துவிடும்.

ஐந்து ஆறு வயதுக் குழந்தையின் முன்பல் ஓரங்கள் கொஞ்சம் தட்டையாவது இயல்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வயதில் கீழ்த்தாடை வளர்ந்து கொஞ்சம் முன்னால் வர, மேலும் கீழும் முனையோடு முனை முட்டும். பயப்பட ஒன்றுமில்லை.

காரணத்தை நிறுத்துவது

தூக்கத்தில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் உறுதியான தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. பூச்சி மாத்திரையை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் எப்படியும் கொடுக்கிறார்கள், 2015-லிருந்து நடக்கும் திட்டம். அதைக் கொடுங்கள், ஆனால் பல் கடிப்பது நிற்கும் என்று காத்திருக்காதீர்கள். அதைவிட முக்கியமான கேள்வி, குழந்தை குறட்டை விடுகிறதா, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறதா, தலையணையெல்லாம் வியர்வையா என்பது. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டுச் சதையும் தொண்டையில் இருக்கும் டான்சிலும் வீங்கி மூச்சு அடைக்கிற குழந்தைகள் பல்லைக் கடிப்பது அதிகம். அவர்களுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் முதல் ஆள். மற்றபடி பல் கடிக்கும் பழக்கம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிரந்தரப் பற்கள் வரவரத் தானாகவே குறையும்.

புளிப்பு விஷயத்தில் நம் சாப்பாட்டின் மேல் பழி போட அவசரப்படாதீர்கள். புளிக்குழம்பும் ரசமும் சாப்பாட்டு வேளையில், சோற்றோடு உள்ளே போகின்றன. உமிழ்நீர் அப்போது நன்றாகச் சுரக்கும், கழுவிவிடும். பல்லைக் கரைப்பது வேளை கெட்ட நேரத்தில் துளித்துளியாகக் குடிக்கும் பழக்கம். எனாமல் கரைய ஆரம்பிக்கும் அமிலத்தன்மை அளவு (pH) சுமார் 5.5; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். கோலா பானம் 2.5 வாக்கில் இருக்கும், ஆரஞ்சு ஜூஸ் மூன்றரை நாலு. டெட்ரா பேக் ஜூஸை ஸ்கூல் வேனில் ஆரம்பித்து வீடு வரும்வரை உறிஞ்சினால் அவ்வளவு நேரமும் பல் அதில் ஊறுகிறது. புளிப்பு மிட்டாய், வாயில் போட்டுச் சப்பும் வைட்டமின் சி மாத்திரை, எலுமிச்சைத் துண்டை உப்புத் தொட்டு நக்குவது எல்லாம் இந்தக் கணக்கில்தான். தயிருக்கு மட்டும் விலக்கு. புளிப்புதான், ஆனால் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைய இருப்பதால் பல்லைக் கரைப்பதில்லை. தயிர் சோற்றை நிறுத்திவிட்டு ஜூஸ் கொடுக்கும் வீடுகளை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

குழந்தை வாந்தி எடுத்தாலோ புளிப்பாக எதையாவது குடித்தாலோ உடனே பிரஷ் போடக் கூடாது. தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி ஒரு மணி நேரம் கழித்துத் தேய்த்தால் போதும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கும் குழந்தையும் எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொன்றாக

காத்திருப்பது. இதை "ஒன்றும் செய்யாமல் இருப்பது" என்று எடுத்துக்கொண்டால் கெட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். கண்ணால் பார்த்து நினைவில் வைத்து "போன தடவை மாதிரிதான் இருக்கு" என்று சொல்வது நம்ப முடியாது. மருத்துவரே பல் அச்செடுத்து மாவுக்கட்டு மாடல் செய்து வைத்தால் இன்னும் நல்லது. செலவில்லை, குழந்தைக்குப் பயமில்லை. எனாமலோடு நின்ற தேய்மானத்துக்கும், சீக்கிரம் விழப்போகும் முன்பல்லுக்கும் இதுதான் சரி. மஞ்சளுக்கு நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலோ, ஐஸ் தண்ணீரோ ஐஸ்கிரீமோ பட்டால் குழந்தை கத்தினாலோ, ஒரு பக்கமாகவே மென்றாலோ, ஈறில் கொப்புளம் வந்தாலோ காத்திருக்கும் காலம் முடிந்தது. அந்தச் சிவப்புப் புள்ளி நரம்பு.

ஃப்ளோரைடு வார்னிஷ். காத்திருப்பதோடு சேர்த்துச் செய்வது, தனியாக ஒரு கட்சி இல்லை. 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு, தூரிகையால் பூசுவார்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பூசிய அன்று பல் கொஞ்சம் மஞ்சளாக, ஒட்டுகிற மாதிரி இருக்கும், இரவு பிரஷ் வேண்டாம் என்பார்கள். கூச்சத்தைக் குறைக்கும், சொத்தையைத் தடுக்கும். ஆனால் தேய்ந்த உயரத்தைத் திரும்பக் கொண்டுவராது, கடிப்பதையும் தடுக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால் அந்தப் பக்கத்துப் பெற்றோர்கள் வார்னிஷ் என்றாலே தயங்குவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்தப் பிரச்சினைக்காக வந்ததுதான். தயக்கம் நியாயம், ஆனால் வார்னிஷில் பூசும் அளவு மிகக் குறைவு, எப்போதாவது பூசுவது, தினமும் குடிக்கிற தண்ணீரோடு ஒப்பிட முடியாது. மருத்துவரிடம் எந்தத் தண்ணீர் குடிக்கிறோம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அங்கே கவனிக்க வேண்டியது பேஸ்ட்டை விழுங்குவது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க வளைத்து வளைத்துப் பிதுக்குவார்கள், அது பேஸ்ட் சீக்கிரம் தீர்வதற்கு.

அடைப்பது. இங்கே இரண்டு பொருள். கிளாஸ் அயனோமர் சிமெண்ட் கொஞ்சம் ஈரமிருந்தாலும் ஒட்டும், ஃப்ளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடும், அழுகிற குழந்தைக்கும் சீக்கிரம் போட்டுவிடலாம். ஆனால் மிருதுவானது, கடிக்கிற பிள்ளைக்கு மாதங்களில் தேய்ந்துவிடும், புளிப்பிலும் கரையும். கூச்சத்தைத் தற்காலிகமாக அடக்க, அல்லது வயது ஏறும்வரை நாள் கடத்த நல்லது. காம்போசிட் பல் நிறத்தில் அழகாக இருக்கும், சிமெண்டைவிட உறுதி. ஆனால் பல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், குழந்தை கால் மணி நேரம் வாயைத் திறந்து அசையாமல் இருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையிடம் இதை எதிர்பார்க்கும்போது பெரியவர்களே சிரித்துவிடுவோம். அதைவிடப் பெரிய சிக்கல், தேய்ந்த பல்லில் காம்போசிட்டை மெல்லிசாகப் பரப்ப வேண்டியிருக்கும். மெல்லிய ஓரம் கடியில் தெறித்துவிடும். சொத்தைக் குழி என்றால் காம்போசிட் உள்ளே உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும், தட்டைப் பல்லில் பிடிக்க இடமே இல்லை. ஒன்றிரண்டு முனைக் குழிகள் மட்டும் இருந்து, கடிக்கும் பழக்கம் இல்லாத குழந்தைக்கு காம்போசிட் நல்ல தேர்வு. பல்லைக் கடிக்கிற குழந்தைக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஸ்டீல் கேப். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் பெயரைக் கேட்டதுமே வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம். "குழந்தைக்கு இரும்புப் பல்லா?" என்று. 1950-லிருந்து உலகம் முழுக்கப் போடுகிறார்கள். பல அளவுகளில் தயாராக வரும், கடைவாய்ப் பல்லை முழுவதுமாக மூடி உட்காரும். தேய்மானம், புளிப்பு, சொத்தை மூன்றுக்கும் ஒரே மூடி. பல் விழும்போது அதோடு சேர்ந்து விழும்.

பழைய முறையில் ஊசி போட்டு, பல்லைச் சுற்றிச் சீவி, கேப் மாட்டுவார்கள். இன்னொரு முறை ஸ்காட்லாந்தில் வந்தது. அங்கே நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் ஊசியும் போடாமல் சீவவும் சீவாமல் அப்படியே கேப்பை அழுத்தி ஒட்டிவந்தார். அவர் பெயரிலேயே ஹால் முறை என்கிறார்கள். டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சாதாரண அடைப்போடு ஒப்பிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, வலி, சீழ் என்று பெரிதாகத் தோற்ற பற்கள் கேப் பக்கம் 3 சதவீதம், அடைத்த பக்கம் 16.5 சதவீதம். அது சொத்தைப் பல்லில் செய்த ஆய்வு, தேய்ந்த பல்லில் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் முழு மூடி அடைப்பைவிட நீடிக்கும் என்ற காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான், தேய்ந்த பல்லில் இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

என் அக்கா மகளுக்குப் போட்டபோது நான் கூடவே இருந்தேன். ஐந்து வயது. முந்தைய தடவை போனபோது கடைவாய்ப் பல் இடுக்கில் நீல நிறத்தில் சின்ன ரப்பர் வளையம் சொருகி அனுப்பியிருந்தார்கள், சில நாளில் அது இடம் பண்ணிக் கொடுத்துவிடும். மறுபடி போனதும் டாக்டர் வளையத்தை எடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒவ்வொரு கேப்பாக வைத்து அளவு பார்த்தார். தொண்டைக்குள் நழுவிவிடாமல் நாக்குக்குப் பின்னால் பஞ்சுத் துணி. படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்துதான் செய்தார். கேப்புக்குள் சிமெண்டை நிரப்பிப் பல்லின் மேல் வைத்து விரலால் அழுத்திவிட்டு, "கண்ணு, இந்தப் பஞ்சை நல்லா கடி, விடாத பார்ப்போம்" என்றார். அவள் கடித்தாள். சுற்றி ஈறு ஒரு கணம் வெளுத்துவிட்டது, பயந்தேன். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பிவிட்டது. பிதுங்கிய சிமெண்டைத் துடைத்து, பல் இடுக்கில் நூல் விட்டு எடுத்தார், முடிந்தது. "சித்தி, பல்லு முட்டுது" என்றாள். முட்டத்தான் செய்யும். சீவாமல் போட்டால் கடி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும், சில வாரத்தில் தானாகச் சமப்பட்டுவிடும். அன்று இரவு தயிர் சோறு சாப்பிட்டாள். அந்த வாரம் முழுக்கத் தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் வாயைத் திறந்து வெள்ளிப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். இரும்புப் பல்லா என்று கவலைப்பட்டது நாங்கள்தான்.

தேய்ந்த பல்லுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி: உயரம் ஏற்கெனவே போய்விட்டதால் கேப் உட்கார இடம் கிடைக்கும், சீவ வேண்டியது குறைவு. குறைகளும் உண்டு. ஸ்டீலில் நிக்கல் கலந்திருக்கும், வீட்டில் யாருக்காவது கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கும் என்றால், குழந்தைக்கும் அப்படி இருக்கிறதா என்று முன்பே சொல்லிவிட வேண்டும். ரொம்பக் கடிக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருடத்தில் கேப்பின் மேல்பக்கமே தேய்ந்து ஓட்டை விழுவதும் நடக்கும், அப்போது மாற்ற வேண்டும். சிரித்தால் வெள்ளி தெரியும். அப்புறம், பல்லுக்குள் நரம்பு ஏற்கெனவே கெட்டிருந்தால் மேலே கேப் போட்டு மூடுவது ஆபத்து. எக்ஸ்ரே பார்க்காமல் ஹால் முறையில் கேப் போடச் சம்மதிக்காதீர்கள்.

வெள்ளை கேப், அதாவது சிர்கோனியா. அழகுக்கு இதை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் வளைந்துகொடுக்காது, அழுத்தி மாட்ட முடியாது, அதனால் பல்லைத்தான் கேப்புக்கு ஏற்ற மாதிரி சீவ வேண்டும், ஸ்டீலுக்குச் சீவுவதைவிட அதிகமாக. ஊசி நிச்சயம். ஒட்டும்போது ஈறில் ரத்தம் கசிந்தால் பிடிக்காது. ஸ்டீல் கேப்பைவிடப் பல மடங்கு விலை. ஏற்கெனவே மெல்லிசாகத் தேய்ந்த பாற்பல்லை இன்னும் சீவுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை, கடைவாய்ப் பல்லுக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். மேல் முன்பல் பாதிக்கு மேல் போய், குழந்தைக்கு மூன்று வயதுதான் ஆகிறது, பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்றால் யோசிக்கலாம். முன்பல்லுக்கு காம்போசிட்டிலேயே அச்சு வைத்துச் செய்யும் மூடியும் உண்டு, விலை குறைவு, ஆனால் பல்லைக் கடிக்கிற குழந்தைக்கு உடையும்.

நைட் கார்டு, அதாவது பல் கடிப்பதால் தேயாமலிருக்க இரவில் பல்லில் மாட்டும் அச்சு, பற்றிக் கடைகளிலும் ஆன்லைனிலும் நிறைய பார்ப்பீர்கள். பெரியவர்களுக்குச் சரி. பாற்பல் விழுந்து புதுப்பல் வந்துகொண்டிருக்கும், தாடை வளரும் வயதில் ஒரு அச்சு சில மாதத்துக்குள் பொருந்தாமல் போகும், வரும் பல்லுக்கும் தடையாகலாம். சிறு குழந்தைக்குப் பொதுவாக வேண்டாம்.

பிடுங்குவது கடைசி. நரம்பு செத்து, சீழ் வைத்து, காப்பாற்ற முடியாத பல்லுக்குத்தான். நரம்பு பாதி கெட்டிருந்தால் மேல்பகுதியை மட்டும் எடுத்து மருந்து வைத்து, அதன் மேல் கேப் போடும் வழி இருக்கிறது, பாற்பல்லுக்கும் செய்வார்கள். பிடுங்கியே ஆக வேண்டும் என்றால், அது எந்தப் பல் என்பதைப் பொறுத்து இடம் காக்கும் கம்பி தேவைப்படும். குறிப்பாக இரண்டாவது கடைவாய்ப் பல், ஆறு வயதில் வரும் நிரந்தரக் கடைவாய்ப் பல் வருவதற்கு முன் போய்விட்டால், பின்னால் வரும் அந்தப் பெரிய பல் முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிற்பாடு கம்பி கட்டுவதற்குக் கொடுக்கும் பணம் இதைவிடப் பல மடங்கு.

செலவைப் பற்றி நேராகச் சொன்னால், வார்னிஷும் சிமெண்ட் அடைப்பும் மலிவு, காம்போசிட்டும் ஸ்டீல் கேப்பும் நடுத்தரம், சிர்கோனியா எட்டாத உயரம். ஆனால் காம்போசிட் ஆறு ஆண்டில் இரண்டு மூன்று தடவை விழுந்து மறுபடி போட வேண்டி வந்தால் ஸ்டீல்தான் மலிவு. பணம் கஷ்டம் என்றால் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பல் மருத்துவத்துக்குத் தனித் துறை உண்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள் மேற்பார்வையோடு குறைந்த செலவில் செய்வார்கள், நேரம் மட்டும் கூடுதலாக ஆகும். நாலைந்து பல் ஒரே நேரத்தில் கெட்டு, மூன்று வயதுக் குழந்தை நாற்காலியிலேயே உட்கார மறுத்தால், முழு மயக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிக்கலாம் என்பார்கள். அதற்கு மயக்க மருத்துவரும் ஆபரேஷன் தியேட்டரும் வேண்டும். அதைவிட, வார்னிஷும் சிமெண்ட்டும் வைத்து ஒரு வருடம் ஓட்டி, குழந்தை நாலு வயதில் ஒத்துழைக்கும்போது கேப் போடலாமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல சமயம் ஆம் என்றே பதில் வரும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஆறு வயதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாற்பல் எதுவும் விழாமலேயே கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். பாற்பல் என்று நினைத்துப் பல பேர் அதைக் கவனிப்பதே இல்லை. அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். அதே ஜூஸ், அதே நறநற அதன் மேலும் படும். அது ஈறைவிட்டு முழுதாக வெளியே வந்ததும் பள்ளங்களை அடைக்கும் சீலண்ட் வேண்டுமா என்று கேட்டு, அன்றே அதற்கும் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.